உள்ளங்கையில் கொஞ்சம் சீனி

அண்ணி,

இன்று காலை கண்டிக்கு இரத்தம் கொடுக்கப் போனேன். தானமாக இல்லை, பரிசோதனைக்கு. அந்தத் தாராள மனசு எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊசியோடு வந்த பெண்பிள்ளை, "வெறும் வயித்துலயா வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே இருந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று அவள் பதறிப்போய்க் கேட்டாள். தலை சுற்றவில்லை. அந்த ஒரு கேள்வியில் இருபத்தெட்டு வருடம் பின்னால், உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்குப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். தெல்தோட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மூலைக் கடையில் பிளேன்டீ கேட்டேன். சீனியைத் தனியாகக் கொண்டு வந்து வைத்தான். அதை உள்ளங்கையில் கொட்டி, நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் நான் நல்ல சுகத்தோடு இருக்கிற மனுஷி.

அதற்கும் முன்னால், உங்களைக் கண்ட முதல் காலையிலும் தேத்தண்ணியை இப்படித்தான் குடித்தேன். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தீர்கள். உங்களுக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நாத்தனார் என்ற முறுக்கோடு நம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, "கைய நீட்டு புள்ள" என்றீர்கள். நீட்டினேன். மூன்று விரலால் சீனியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"கோப்பையில போட்டா கரைஞ்சி காணாமப் போயிரும். கையில இருந்தா இருக்குன்னு தெரியும்ல."

நான் சேர்த்து வைத்திருந்த முறுக்கெல்லாம் அந்த ஒரு வாய்ச் சீனியோடு போயிற்று. அதற்குப் பிறகு நீங்கள் தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் முன் தினமும் இது நடந்தது. எனக்குக் கோபம் இருந்த நாட்களில்கூட நடந்தது.

உங்களுக்குச் சாமி வந்தது மூன்றாம் வருடத்தில். ஆடி வெள்ளிக்கிழமை, நீங்கள் விரதம். கண்டிக்குப் பூ வாங்கப் போன பூசாரி பஸ் கிடைக்காமல் பிந்திவிட்டார். பூசை மத்தியானம் தாண்டியும் தொடங்கவில்லை. கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்த உங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. உடம்பு நடுங்கியது. கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. வாயிலிருந்து அரைகுறையாக என்னவோ வந்தது. தப்பு அடித்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ திருநீறு பூசி, வெல்லம் கரைத்த பானகத்தை உங்கள் வாயில் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் சாமி மலையேறிவிட்டது. "என்னா நடந்திச்சி?" என்று நீங்கள் கேட்டீர்கள். எதுவும் ஞாபகம் இல்லை உங்களுக்கு.

சாமி வந்திருந்த நேரம் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "என்ன சொல்லுது தாயி?" என்று ஒரு கிழவி கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும், "கெழக்கால ஒரு நேர்த்தி பாக்கி இருக்காம்" என்று சொன்னேன். எந்த வீட்டில்தான் ஒரு நேர்த்தி பாக்கி இல்லை? கிழவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்படித் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் விரதம் இருந்தீர்கள், சாமி வந்தது, நான் பொருள் சொன்னேன். கீழே இருக்கிற பணிய லயத்திலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குறி கேட்க வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கோயிலில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அண்ணி. மறைக்க என்ன இருக்கிறது? மாமன் மகனை எனக்குப் பேசி வந்தபோது, "அந்தச் சம்பந்தம் வேணாங்குது" என்று சாமியின் பேரில் சொல்லித் தப்பித்தேன். பல்லைப் பிதுக்கிக்கொண்டு சிரிக்கிற அந்த ஆளைச் சாமிக்கும் பிடித்திருக்க நியாயமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் நான்கு வருடம் போவதற்குள் சாமி வெள்ளிக்கிழமையோடு நிற்கவில்லை. செவ்வாய், புதன் என்று கண்ட நாளிலும் வந்தது. விடிந்து எழும்பியதும் அடுப்பை வெறித்துக்கொண்டு நிற்பீர்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கூடையோடு சரிந்து விழுந்தீர்கள். பசி பசி என்று நேரம் பார்க்காமல் ரொட்டி தின்று உடம்பு பெருத்தது. அண்ணனுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து, "இவள கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

நீங்கள் என் தோளில் சாய்ந்து என்னவோ முனகிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னேன்: "வேணாங்குது."

ஏன் சொன்னேன்? சாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒரு நினைப்பு. பாய் போய்விடுமே என்று ஒரு நினைப்பு. இரண்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லால் ஒரு வருடம் போயிற்று.

அடுத்த ஆடி வருவதற்குள் உங்களுக்கு வலிப்பு வந்துவிட்டது. காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், குடத்தோடு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். அண்ணன் இந்த முறை யாரையும் கேட்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றினார். நான் பின்னால் ஏறி உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தது ஒரு இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நம்மைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் அதற்குள் தெளிந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணன் தயங்கித் தயங்கிச் சாமி வருகிற கதையைச் சொன்னார். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"சாமி எப்ப எப்ப வாறது?"

"வெரதம் இருந்தா வரும். இப்ப காலையிலயும் வருதுங்க."

"சரி. வந்தா என்ன குடுக்கிறனீங்கள்?"

"பானகங்க. இல்லாட்டி சீனி போட்ட தேத்தண்ணி. அந்தா குடிச்சோன்ன மலையேறிரும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "ஒவ்வொரு முறையும் இனிப்புக் குடிச்ச உடனதான் போறதோ?" என்று கேட்டார். அண்ணன் ஆமாம் என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

பிறகு நம் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார். "வயித்துக்குப் பின்னால கணையம் எண்டு ஒரு உறுப்பு இருக்கு. சீனி வருத்தக்காரர் ஊசியில ஏத்துற இன்சுலின் இருக்கெல்லோ, அது அங்கதான் சுரக்கிறது. சாப்பிட்டாச் சுரக்கோணும், சாப்பிடாட்டி அடங்கோணும். இவவுக்கு அதில ஒரு சின்னக் கட்டி இருக்கெண்டு நினைக்கிறன். அதுக்கு அடங்கத் தெரியாது. ரத்தத்தில சீனி இறங்கிப் போனா மூளைக்குச் சாப்பாடில்லை. அதுதான் நடுக்கமும் புலம்பலும். மெத்த அரிதான வருத்தம். நான் புத்தகத்தில படிச்சதுதான், இப்பிடி ஒரு ஆளை இன்னும் காணேல்லை." விட்டுவைத்தால் ஒருநாள் வலிப்பிலிருந்து எழும்பாமலே போகலாம் என்றும் சொன்னார்.

நீங்கள் ஒன்றைத்தான் கேட்டீர்கள். "அப்ப எனக்கு வந்தது சாமி இல்லீங்களா?"

"அது எனக்குத் தெரியாது அம்மா. எனக்கு ரத்தத்தைத்தான் பாக்கத் தெரியும்."

அந்தப் பதில் உங்களுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லாத பிள்ளை என்று பிறகு என்னிடம் சொன்னீர்கள். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோயை உறுதிப்படுத்த உங்களைப் பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். தண்ணீர் மட்டும். நேரத்துக்கு நேரம் இரத்தம் எடுப்பார்கள். நடுக்கம் வந்தவுடன் டொக்டரைக் கூப்பிட வேண்டும், அந்த நேரத்து இரத்தத்தை எடுக்கும் வரைக்கும் ஒரு துளி இனிப்புக் கொடுக்கக் கூடாது. துணைக்கு நின்ற என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை உங்கள் நெற்றியில் வியர்வை அரும்பியது. உதடு கோணியது. என்னை யாரென்று தெரியாமல் பார்த்தீர்கள். நர்ஸ் டொக்டரைத் தேடி ஓடினார். என் மடியில் கற்கண்டுப் பொட்டலம் இருந்தது. கோயிலில் சாமி மலையேறுவதற்கு எப்போதும் வைத்திருப்பேனே, அதே பழக்கம். டொக்டர் வந்து சேர்ந்தபோது நீங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கற்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் வார்ட்டு முழுக்கக் கேட்டது.

டொக்டர் என் பொத்திய கையைப் பார்த்தார். "இனி முதலில இருந்துதான்" என்றார்.

"பாவமா இருந்திச்சி டொக்டர்" என்றேன். அது பாதி உண்மை. இரத்தம் வேறு கதை சொல்லிவிட்டால் நான் ஐந்து வருடம் சொன்ன கதை என்ன ஆகும் என்பது மற்றப் பாதி. அண்ணனிடம் சொன்ன அந்த "வேணாங்குது" என்ன ஆகும்?

நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள். "எனக்கு வெரதம் என்ன புதுசா? இன்னொருக்கா இருக்கேன் டொக்டர். இவள மட்டும் கொஞ்சம் தூரமா நிக்கச் சொல்லுங்க." டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் முறை, பக்கத்துக் கட்டில் முஸ்லிம் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். மடவளையிலிருந்து பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்ய வந்திருந்தவர். முதல் நாள் கூத்தைப் பார்த்திருந்ததால், "அந்தப் பொட்டலத்த இங்க தாங்க தங்கச்சி" என்று கேட்டு வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "இந்த நோம்ப தொறக்கிற நேரத்த டொக்டர்தான் செல்லணும்" என்றார்.

வந்தது. வியர்வை, நடுக்கம், அந்தப் புலம்பல். டொக்டர் உங்கள் கையைத் திருப்பி ஊசி போட்டு நிதானமாக இரத்தம் எடுத்தார். அந்தச் சில நிமிடங்களில் நான் ராத்தாவின் கையை முறித்திருப்பேன். அவருக்கு நம் கதை தெரியும். மெதுவாகக் கேட்டார்: "சாமி என்னவாம் தங்கச்சி?"

நான் முதல் தடவையாகப் பொருள் தேடாமல் உங்கள் வாயைப் பார்த்தேன். காதைக் கிட்டக் கொண்டு போனேன்.

"ஒண்ணுமில்ல ராத்தா. பசிக்குதாம்."

சொல்லிவிட்டு அழுதேன். ஐந்து வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் தோளில் சாய்ந்துகொண்டு அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் கிழக்கையும் மேற்கையும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டொக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். நீங்கள் கண்ணைத் திறந்து, "ஏன் புள்ள அழுவுற, எடுத்தாச்சில்ல?" என்றீர்கள்.

இரத்தத்தில் ஒரு பங்கைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வர நாளானது. டொக்டர் நினைத்தது சரி. ஸ்கேன் படத்தில் கட்டி சரியாகத் தெரியவில்லை, திறந்து தேடிப் பார்க்க வேண்டும் என்றார் ஒப்பரேஷன் செய்யும் பெரிய டொக்டர். சிங்களவர், அமைதியான மனுஷன். தெரிந்த தமிழில், "பயம் வேணாம் அம்மா. சின்னது. எடுத்தா சரி" என்று உங்கள் தோளைத் தட்டினார்.

உங்களுக்குக் கத்திக்குப் பயமில்லை. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டீர்களே, அதுதான் பயம். "சாமி அங்கனதான் இருந்திச்சின்னா, அதயும் சேத்து வெட்டி எறிஞ்சிருவாங்களா புள்ள?"

பொருள் சொல்வதில் கெட்டிக்காரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. உங்கள் காலைப் பிடித்துவிட்டேன்.

காலையில் உள்ளே கொண்டு போனவர்கள் மத்தியானம் தாண்டித்தான் வெளியே வந்தார்கள். அண்ணன் வெளியே மரத்தடியில் ஒரு பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்து டொக்டர் ஓடி வந்து, "எடுத்தாச்சு. ஒரு கடலையளவுதான். புற்றுநோய் மாதிரித் தெரியேல்லை" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. படத்தில் தெரியாததைப் பெரிய டொக்டர் கணையத்தை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாராம்.

வலி கொஞ்சம் அடங்கிய பிறகு இதை உங்களிடம் சொன்னேன். "கண்ணால பாக்காம கையாலதான் பறிச்சிருக்காரா?" என்று கேட்டீர்கள். "அப்ப நம்ம ஆளுதான். கொழுந்துக்குப் போயிருந்தா நல்லாப் பேரு எடுத்திருப்பாரு." சிரித்தால் தையல் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு சாமி வரவில்லை. காலையில் எழும்பி அடுப்பு மூட்டினீர்கள், தெளிவாகப் பேசினீர்கள், உடம்பு இளைத்தது. அண்ணன் பாடு கொண்டாட்டம்தான். நான்தான் வெள்ளிக்கிழமைகளில் கோயில் பக்கம் போகாமல் வேலை தேடிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஊரே வந்து நின்றது. நீங்கள் மஞ்சள் சேலை கட்டி முன்னால் நின்றீர்கள். தப்பு முழங்கியது. எல்லாக் கண்ணும் உங்கள் மேல். நானும் பார்த்தேன், உங்களுக்கு வியர்க்கவில்லை. கை நடுங்கவில்லை. அடித்தவர்களுக்குத்தான் கை ஓய்ந்தது. அப்போது பணிய லயத்திலிருந்து ஒரு பெண், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் திரும்பி வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் காலடியில் விழுந்தாள். "நீ ஒரு வாக்கு சொல்லு தாயி. இவள திருப்பி அனுப்பவா வேணாமா?"

பொய்யாக ஒரு நடுக்கம் நடுங்கினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பொருள் சொல்ல நான்கூடத் தயாராகத்தான் இருந்தேன், அவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். நீங்கள் குனிந்து அந்தப் பெண்ணைத் தூக்கினீர்கள்.

"சாமி வரல. நாந்தான் வந்திருக்கேன். இப்பிடி ஒக்காரு. என்னான்னு சொல்லு."

கோயில் ஓரத்து மரத்தடியில் அந்தத் தாயையும் மகளையும் உட்கார வைத்து, வெயில் ஏறி இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு உங்களுக்கு என்னுடைய தேவை இருக்கவில்லை. அந்த மகள் திரும்பிப் போகவில்லை, அதுதான் தெரியும். அதற்குப் பிறகும் பெண்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை, விரதம் பார்க்கவில்லை. நீங்கள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பீர்கள்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன், சாமி சொன்னதாக நான் சொன்னதெல்லாம் நான் கட்டிய கதை என்று. நீங்கள் மாவிலிருந்து கையை எடுக்காமல், "தெரியும் புள்ள. மாமன் மகன் வேணாம்னு சாமி சொல்லிச்சின்னு கேட்டப்பவே தெரியும். சாமி எதுக்கு அவன் பல்லப் பத்திக் கவலப்படுது?" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் மற்றதை ஒளித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சொல்லவில்லை.

போன வருடம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் பேச்சு திரும்பவில்லை. முனகல்தான். பகல் சாப்பாட்டு வேளையில் அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று, பழைய பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார். "என்னா சொல்றா?"

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் தண்ணீர் எடுக்க வெளியே போனார். நான் உங்கள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவான்னு அண்ணன் அப்பவே கேட்டாரு அண்ணி, வேணாம்னு சொன்னது சாமி இல்ல, நான்தான், ஒரு வருசம் கடத்தி உங்கள வலிப்பு வரைக்கும் கொண்டு போனது நான்தான். சொல்லி முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தேன். உங்கள் நல்ல கை மெதுவாக நகர்ந்து வந்து என் கையைத் திருப்பியது. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. பிறகு மூன்று விரலைக் குவித்து, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எதையோ அள்ளி, என் உள்ளங்கையில் வைத்தது.

அண்ணன் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார், என்ன சொல்கிறாள் என்று. நான் கையை மூடிக்கொண்டேன். அதற்கு யாருக்கும் பொருள் சொல்லவில்லை.

நாளைக்கு ரிப்போர்ட் வரும். எனக்கும் இரத்தத்தில் சீனி கூடுதலாகத்தான் இருக்கும், குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. தேத்தண்ணியில் சீனி போடக் கூடாது என்பார்கள். போடாமல் குடித்துக்கொள்கிறேன். நீங்கள் வைத்தது கோப்பையில் இல்லை அண்ணி, கையில் இருக்கிறது.